மடுவுக்குப் போன சைக்கிள்

மாம்புரியில் கருவாடு விற்கிற அனஸ்தாசியாவுக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு அலுப்பு வந்ததில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து கருவாட்டுப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நுரைச்சோலைக்கும் கற்பிட்டிக்கும் மிதித்தவள்தான். ஆனால் அது கடற்காற்றுத் தள்ளிவிடுகிற தெரு. இது கலா ஓயா ஆற்றின் பள்ளம். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் செங்குத்தான மண்கரை. காற்று எட்டிக்கூடப் பார்க்காது. ஆற்றுத் தண்ணீர் ஒரு ஓரமாக வேண்டாவெறுப்பாய் ஓடியது. மற்ற இடமெல்லாம் கொதிக்கிற மணல்.

பின்னால் தன் சைக்கிளில் அவள் புருஷன் பேதுரு. மடு மாதா கோயிலுக்கென்று புறப்பட்டு, புத்தளம் தாண்டியதிலிருந்து மனுஷன் வாயை மூடவில்லை. முதுகு, முழங்கால், வெயில், காய்ந்த பாண் என்று எல்லாவற்றையும் முறையிட்டு முடித்துக் கடைசியில் அதே கேள்வியில் வந்து நிற்பார்.

"கேட்டது கிடைக்கல்ல. பிறகென்னத்துக்கு நேர்த்தி?"

கேள்வி நியாயமானதுதான். சண்டை முடிந்து மடுவுக்குப் பாதை திறந்த பிறகு, ஒரு சோழகக் காற்றில் அவர்களுடைய ஒரே மகன் நிலுக்சன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அன்றைக்கு அவள் கடற்கரையில் நின்று மடு மாதாவிடம் நேர்ந்தாள்: மகனைத் தந்துவிடு, அவன் தன்னுடைய சைக்கிளிலேயே உன் கோயிலுக்கு வருவான், நானும் கூட வருவேன். படகு மட்டும் கரையொதுங்கியது. அந்தச் சைக்கிளைத்தான் இப்போது அவள் மிதிக்கிறாள். மாதாவோடு அவளுக்குத் தீராத கோபம். ஏனென்று நேரில் போய்க் கேட்க வேண்டும் போலிருந்தது.

மத்தியானத்தோடு இருவருக்கும் ஏலாமல் போனது. கூட வந்த, கடலில்லாத ஊர்களின் யாத்திரிகர்கள் கரைக்கு மேலே மருத மரங்களின் கீழ் தங்கினார்கள். இவர்கள் கடற்கரை ஆட்களல்லவா, மணலைக் கண்டால் விடுவார்களா? பேதுரு மணலில் ஈரம் எங்கே முடிகிறதென்று பார்த்து, தோணி இழுத்து வைக்கிற மாதிரி அதற்குச் சற்று மேலே சைக்கிள்களைச் சாய்த்தார். பக்கத்தில் நிழலுக்குத் தறப்பாளைக் கட்டினார்.

"இதுக்கு மேல தண்ணி வராது."

கடலென்றால் வராதுதான். ஆனால் மேலே எங்கோ குளத்து மதகுக் கதவைத் திறந்திருக்கிறார்கள். மழையில்லை, முகிலில்லை, நல்ல வெயிலில் கண்ணயர்ந்து கிடந்தவர்களின் காலைத் தண்ணீர் வந்து பிடித்தது. கரைமேலிருந்தவர்கள் கத்தினார்கள். பேதுரு கைக்கெட்டிய தன் சைக்கிளைக் கரைக்கு ஏற்றி, அவளையும் இழுத்து ஏற்றினார். திரும்பிப் பார்த்தால் நிலுக்சனின் சைக்கிள் வெள்ளத்தில் உருண்டு போகிறது.

"விடுங்க! போகட்டும்!" என்று அனஸ்தாசியா அலறினாள். "ஒராளைத் தண்ணிக்குக் குடுத்தது போதும்!"

வழியெல்லாம் முழங்காலைக் காட்டி அழுத மனுஷன் அதற்குள் குதித்துவிட்டார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு மரவேரில் சிக்கியதை அவர் இழுத்துக்கொண்டு வந்தபோது, முன் சில்லு நெளிந்து சுற்றாமல் நின்றது. அனஸ்தாசியா அவரைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அந்த நேரம் பார்த்து யாத்திரிகர்களை ஏற்றிய டிரக்டர் ஒன்று கரைமேல் வந்து நின்றது.

"ஏறுங்க அக்கா. சைக்கிளையும் பின்னால போடுங்க. மடுவில கொண்டுபோய் இறக்கிவிடுறன்," என்றான் சாரதி.

அவளுக்கு இனிச் சண்டைபோடத் தெம்பில்லை, மாதாவோடுகூட. டிரக்டர்ப் பெட்டியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

பேதுரு ஏறவில்லை. தன் சைக்கிளை அவள் பக்கமாகச் சாய்த்து வைத்துவிட்டு, மகனின் சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டார்.

"என்ன செய்றீங்க? நேர்த்தி என்னத்துக்கெண்டு நீங்கதானே கேட்டீங்க?"

"ஓம், கேட்டன்," என்றார் பேதுரு, மூச்சு வாங்கிக்கொண்டு. "பொடியன்தான் வரல்ல. அவன்ட சைக்கிளாவது போய்ச் சேரட்டும்."

அனஸ்தாசியா டிரக்டரிலிருந்து காலை எடுத்தாள்.