வெள்ளைத் தட்டில் ஒரு கால்வாய்

கால்வாயில் இறங்கி, வலையால் அடிச்சேற்றைக் கிளறி, அகப்படும் பூச்சிகளை வெள்ளைத் தட்டில் கொட்டி, தண்ணீர் நல்லதா கெட்டதா என்று பார்க்கிறவர்களுக்கு ஆளும் வண்டியும் ஏற்பாடு செய்வது என் தொழில். முட்டிவரை சேற்றில் நிற்கும்போது போகிறவர் வருகிறவரெல்லாம் மீன் மாட்டுச்சா என்று உயிரை வாங்க, நீங்களும் பல்லைக் கடித்திருந்தால், நீங்கள் நம்ம ஆள்.

கண்ணாடி மாதிரி தண்ணீர்

ஆரம்பாக்கம் பக்கம் முனுசாமி என்கிற விவசாயிக்குப் போன நடவு கருகிவிட்டது. தொழிற்சாலைகளுக்குப் பின்னால் வரும் கால்வாய்த் தண்ணீரை இந்தத் தடவை வயலுக்குத் திறக்கலாமா கூடாதா என்பதுதான் அவர் கவலை. ஒரு தொழிற்சாலை மேனேஜர் பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டி, சோதனையில் பாஸ் என்றார். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறிவிட்டது, கத்த ஆரம்பித்தேன். என்னை வேலைக்கு அமர்த்திய கல்லூரி மேடம் நிதானமாக வலையைப் போடச் சொன்னார்.

தட்டில் நெளிந்ததெல்லாம் சிவப்புப் புழு. நமக்கிருப்பது மாதிரியே அதற்கும் ரத்தத்தில் சிவப்புச் சத்து உண்டாம். மூச்சுக்கு வழியில்லாத சேற்றிலும் தாக்குப்பிடிக்குமாம். பாட்டிலிடம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான், அதுவும் பிடித்த நேரத்துக்கு மட்டும்தான், பதில் வரும். பூச்சியோ வந்ததையெல்லாம் குடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கிறது. தட்டையே பார்த்திருந்த முனுசாமி சொன்னார்: "மத்தவங்கெல்லாம் ஊட்டைக் காலி பண்ணிக்கினு போயிட்டாங்க, இது ஒண்ணுதான் கீதா?"

மணல் சட்டை

தொழிற்சாலைக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கமாகப் போய்க் கல்லைப் புரட்டினால் ஒரு ஊரே குடியிருந்தது. மூன்று வாலோடு ஒரு பூச்சி; வயிற்றோரம் வரிசையாகச் செவுள்கள், விசிறி போல ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன. இன்னொரு புழு, வாயிலிருந்து நூல் விட்டு, மணலை ஒவ்வொன்றாக ஒட்டித் தனக்குச் சட்டை செய்து போட்டிருந்தது. இரும்புக்கடையில் அடிபட்டு வளர்ந்தவன் நான், லேசில் வாய் பிளக்கமாட்டேன். அன்றைக்குப் பிளந்தேன். என் டிரைவர் பாஸ்கர் குனிந்து பார்த்தான்: "இன்னாண்ணே இது, சிமெண்டே இல்லாம கட்டிக்கீது. நம்ம மேஸ்திரிய இட்டாந்து காட்டணும்."

ஒரே டப்பா

உயிரோடு கொண்டுபோக வேண்டும், தனித்தனி டப்பா வாங்குங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். வீண் செலவு எதற்கு என்று எல்லாவற்றையும் ஒன்றிலேயே போட்டேன். அதில் தட்டாம்பூச்சிக் குஞ்சு ஒன்றும் இருந்தது. பறக்கும்வரை அதற்கும் தண்ணீர்தான் வீடு. கல்லூரியில் திறந்தபோது அது மட்டும் கொழுத்து உட்கார்ந்திருந்தது. மடித்து வைத்த தாடையைக் கை மாதிரி வீசிப் பிடித்துத் தின்னுமாம். மேல்தண்ணீருக்கு இப்போது சாட்சியே இல்லை. மேடம் டப்பாவை மூடினார்: "ஆதாரத்தை இது சாப்பிட்டாச்சு. இனிமே நீங்க மிச்சம் பிடிக்காதீங்க."

மேனேஜரின் யோசனை

மறுபடி போனபோது மேனேஜரையும் முனுசாமியையும் கூடவே நிறுத்தினோம். மேலே இருந்த கூட்டத்தைக் கண்ட மேனேஜர், என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டுபோய், இதில் நாலை எடுத்துக் கீழே தொழிற்சாலைப் பக்கத் தண்ணீரில் விட்டால் எல்லாருக்கும் நல்லது என்றார். வேறு நாளாயிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். விடலாமே சார் என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன்.

ஒரு தட்டில் மேல்தண்ணீர், இன்னொன்றில் அவருடைய பளிங்குத் தண்ணீர். இரண்டிலும் மூன்று வால் பூச்சிகளை விட்டோம். அவர் தட்டில் விசிறிகள் படபடவென்று அடித்தன. பிறகு மெதுவாக. பிறகு ஒவ்வொன்றாக நின்றன. பக்கத்துத் தட்டில் அடித்துக்கொண்டே இருந்தன. சந்நிதியில் நிற்பது போல நான் கை கட்டி நின்றேன். தட்டருகே குந்தியிருந்த முனுசாமி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்: "மதகைத் தெறக்க வேணாம் நைனா. போர்த் தண்ணி எவ்ளோ வருதோ அவ்ளோ நெலம் நடறேன், மீதி சும்மா கெடக்கட்டும்."

எத்தனையோ முதலாளிகளை மடக்கிப் பேசி வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். நகத்தளவுகூட இல்லாத இந்தப் பூச்சியிடம் மட்டும் பேரமே நடக்காது, அது சொன்ன விலைதான்.