கடி உள்ள ஆக்கள் எல்லாரும் வாங்க

போன கிழமை கரடியனாற்றில் ஒரு புது வீட்டுக் குடிபூரலுக்கு வெளிக்கிட்டு வாசலில் நிற்கிறேன். சேலை கட்டி, கொண்டை போட்டு, பூவும் வைத்தாயிற்று. முருங்கையிலிருந்து ஒரு மயிர்க்கொட்டிப் புழு நேரே என் பிடரியில் விழுந்தது. நல்ல நாள் பார்த்து விழுந்த சனியன்! நான் துள்ளிய துள்ளலில் கொண்டை அவிழ்ந்து, பூ எங்கேயோ போய்விட்டது. மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கலமைன் போத்தலைக் குலுக்கி எடுத்து வந்து கழுத்தில் பூசிவிட்டாள். ரோசா நிறத்தில், ஈரச் சுண்ணாம்பு மணத்தோடு இருக்குமே, அந்த மருந்துதான்.

அந்த மணம் மூக்கில் ஏறியதும் கழுத்து எரிவதே எனக்கு மறந்துபோயிற்று. "இதில என்னம்மா மணம் இரிக்கு?" என்று மகள் கேட்கிறாள். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது! என் வாழ்க்கையில் ஐந்தாறு வருசம் முழுக்க இந்த மணம்தான். சோற்றைப் பிசைந்தால்கூட கையில் இதுதான் மணக்கும்.

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக்கு வந்த வெளியூர் டொக்டர்மார் கொஞ்சப் பேரா? படம் எடுத்தார்கள், மருந்து தந்தார்கள், போய்விட்டார்கள். எங்கள் டொக்டர் மட்டும் போகவில்லை. மலைநாட்டுக்காரர், தோல் வருத்தங்களைப் பார்க்கிறவர். முகாம்களில் சொறி சிரங்கு பார்க்க வந்தவர், ஆஸ்பத்திரியில் ஒரு மூலை அறையைப் பிடித்து ஆராய்ச்சி தொடங்கிவிட்டார். எச்.ஐ.வி. வந்தவர்களின் தோலில் முதலில் என்ன தெரிகிறது? அதுதான் ஆராய்ச்சி. அந்தப் பேரைச் சொல்லி இரத்தம் சோதிக்கக் கூப்பிட்டால் எங்கள் ஊரில் ஒரு குருவியும் வராது. ஆனால் கடி வந்தால் வருவார்கள். அரிப்பை நாங்கள் கடி என்போம். 'மிஸ்ஸி, கடிக்குது' என்றால் நாய் கடித்தது என்று நினைக்கக் கூடாது. முதல் நாள் டொக்டர் அப்படித்தான் நினைத்து ஊசி எடுக்கப் போனார்.

மிஸ்ஸி என்றால் நர்ஸ். நான் மிஸ்ஸியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆரையம்பதியில் ஏ.எல். படித்துவிட்டு வீட்டில் இருந்தவள், டொக்டரின் ஆராய்ச்சிக்கு உதவியாய்ச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சட்டை போட்ட பெண் எல்லாம் சனத்துக்கு மிஸ்ஸிதான். ஆளின் உருவம் வரைந்து, தழும்பு எங்கெங்கே என்று அதில் குறிப்பதுதான் என் வேலை. என் கைராசி அப்படி! டொக்டர் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நோயாளியா, இறாலா?" என்று கேட்டார்.

எங்கள் வான் வண்டியை ஓட்டியவர் காத்தான்குடி றமீஸ் காக்கா. அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், பறவையை நினைக்காதீர்கள். சுனாமிக்கு முந்திப் பெருநாள் காலத்தில் புடவைக் கடைகளுக்கு ஒலிபெருக்கியில் கூவினவர். அவர் கூவினால் வாவிக்கு அந்தக் கரையில் நிற்கிறவனுக்கும் சாரம் வாங்க ஆசை வரும். டொக்டரின் வானில் ஒலிபெருக்கி பூட்டி வைத்ததும் அவரேதான்.

நாங்கள் முதன்முதலில் முகாமில் சொறிக்கு மருந்து பூசிய கதையையும் சொல்லிவிட வேண்டும். கழுத்திலிருந்து கால்வரை பூசி, ஒரு நாள் கழுவக் கூடாது. அது எரிகிற மருந்து. வாவிக்கரை முகாம் வேறு. பூசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் வரிசையில் ஆளில்லை, அத்தனை பேரும் வாவிக்குள் நிற்கிறார்கள்! "பாருங்க தங்கச்சி, இண்டையோட மீனுக்கெல்லாம் சொறி சுகம்" என்றார் காக்கா. அதற்குப் பிறகு மருந்து பூசிவிட்டுக் கரையில் நான் காவலுக்கு நிற்பேன், கையில் பூவரசந் தடியோடு.

அப்படி இருந்த நாளில்தான் அவள் வந்தாள். பேரைச் சொல்ல மாட்டேன். நாங்கள் கரடியனாற்று அக்கா என்போம், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். புருசன் வெளிநாட்டால் வந்து மெலிந்து மெலிந்து செத்துப்போனார். ஊர் அதைச் செய்வினை என்றது. அவளுக்கு இரண்டு கையிலும் முடிச்சு முடிச்சாகக் கடி. எந்தக் களிம்புக்கும் அடங்காத கடி. அந்த வெயிலிலும் மணிக்கட்டுவரை மூடிய நீளக் கைச் சட்டைதான் போடுவாள். டொக்டர் சட்டையை மடித்துப் பார்த்தார். இரத்தம் எடுக்கச் சொன்னார். அவர் தேடிக்கொண்டிருந்த அடையாளம் அதுதான். முடிவும் அவர் பயந்தபடியே வந்தது. அவளுடைய கைப்பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அந்த முடிவைக் கண்டபோது நான் அறைக்கு வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன், அவ்வளவு சந்தோசம்.

அவள் அழவில்லை. "டொக்டர், ஒண்டு கேக்கட்டா? எனக்கு இந்த ஒரு பொட்டப்புள்ளதான் இரிக்கு. அவளுக்கு ஊடு கட்டிக் குடுக்கிற மட்டும் நான் இரிப்பனா?"

டொக்டருக்கு விளங்கவில்லை. "ஏன் நீங்க கட்டணும்? புள்ள புருசன் வீட்டுக்குத்தானே போகும்?"

நல்லாப் போகும்! எங்கள் பக்கத்தில் பெண் எங்கேயும் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைத் தாய் தகப்பன் கட்டிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இருக்கிற வீட்டை மகளுக்கு எழுதிவிட்டுத் தாய் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வீடில்லாத பெட்டையைக் கேட்டு ஒருத்தனும் படி ஏற மாட்டான். நான் இதைச் சொல்லி முடித்ததும் டொக்டர் கதிரையை அவள் பக்கம் திருப்பினார். "மாத்திரையை ஒரு நாளும் விடாமல் குடிச்சா இருப்பீங்க. விட்டுவிட்டால் நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

குடித்தாள். மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து வாங்கிப் போவாள். கை முடிச்சுகள் ஒவ்வொன்றாக அடங்கின. என் தாளில் இறாலுக்குப் புள்ளி குறைந்துகொண்டே வந்தது.

மறுகாலும் சண்டை தொடங்கியது. கரடியனாற்றுப் பக்கம் ஷெல் விழ, சனம் மூட்டை முடிச்சோடு இந்தப் பக்கம் வந்து கொட்டுண்டது. பள்ளிக்கூடம், கோயில் வளவு, வெறும் வெட்டை, எங்கே பார்த்தாலும் கூடாரம். அவள் மாத்திரைக்கு வர வேண்டிய நாள் வந்தது, போனது, ஆள் வரவில்லை. போய்ப் பேர் சொல்லிக் கேட்கவும் முடியாது. 'ஆஸ்பத்திரியால ஒரு பொம்புளையத் தேடி வந்திரிக்காங்க' என்று ஒரு வாய் சொன்னால் போதும். பொழுது படுவதற்குள் தண்ணிக் குழாயடியில் அவளுக்குப் பக்கத்தில் நிற்க ஆளிருக்காது. பிறகு அந்தப் பிள்ளைக்கு எங்கே வீடு, எங்கே மாப்பிள்ளை?

றமீஸ் காக்காவிடம் அவளுக்கு என்ன நோய் என்று சொல்லவில்லை. ஓர் ஆளைத் தேட வேணும், பேர் சொல்லக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

"இதுக்கா தங்கச்சி மூஞ்ச இப்பிடி வச்சிரிக்க? எல்லாரையும் கூப்பிடுவம். அதுக்குள்ள அவவும் வருவாதானே" என்றார்.

இந்த யோசனையைக் கேட்டதும் டொக்டர் சந்தோசத்தில் மேசையில் அடித்து எழும்பிவிட்டார். கிடைத்த கலமைன், சொறி மருந்து எல்லாவற்றையும் வானில் ஏற்றினோம். அவளுடைய மாத்திரையும் ஏறியது.

"கடி உள்ள ஆக்கள் எல்லாரும் வாங்க! சொறி, சிரங்கு, படை, தேமல், எது இரிந்தாலும் வாங்க! கடி இல்லாத ஆக்களும் சும்மா பாக்க வாங்க!"

அட, அந்தக் குரல்! முகாமுக்கு முகாம் போனோம். எல்லாருக்கும் கடிதான், கூடாரத்துக்குள் நெருக்கியடித்துப் படுத்தால் வேறு என்ன வரும்? காவலுக்கு நின்ற பொலிஸ்காரர்கூடச் சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டினார். பூசிப் பூசி என் தோள் கழன்றுபோனது. நான் வரிசையில் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சட்டைக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகாம் மாற மாற எனக்கு நம்பிக்கை குறைந்தது.

அப்போதுதான் ஒரு பள்ளிக்கூட முகாமில் வரிசையின் கடைசியில் ஒரு கூச்சல். "வழி விடுங்க கா! எனக்குக் கடுங்கடி! நிக்க ஏலாமக் கடிக்குது!"

நீளக் கைச் சட்டை. இடுப்பில் பிள்ளை. மற்றக் கையால் தலை, முதுகு, விலா எல்லாம் சொறிந்துகொண்டு, ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வருகிறாள். என்ன நடிப்பு! திரைக்குள் கூட்டிப்போய்ச் சட்டையை மடித்தேன். கை வழவழவென்று இருந்தது, பழைய கறுப்பு அடையாளம் மட்டும். கடியும் இல்லை, கிடியும் இல்லை.

"காக்காட சத்தம் கேட்டதும் எனக்கு விளங்கிற்று" என்றாள் மெதுவாக. "குளிசை முடிஞ்சு ரெண்டு நாள், மிஸ்ஸி. நான் இரிப்பன்தானே?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, கையில் இருந்த கலமைனை அவள் பிள்ளையின் மூக்கில் பூசிவிட்டேன். டொக்டர் அவளுடைய பையில் மாத்திரையை அடியில் வைத்து, மேலே மருந்துப் போத்தலை வைத்துக் கொடுத்தார். முகாமில் எல்லார் கையிலும் அதே பைதான். அந்த இரண்டு நாளால் ஒரு கேடும் வரவில்லை என்று பிறகு இரத்தம் சொன்னது. நாங்கள் தேடிப் போனது ஒருத்தியை, சொறி விட்டுப்போனதோ அத்தனை முகாமுக்கும்! சண்டை முடிந்த பிறகு டொக்டர் கொழும்பில் ஒரு மாநாட்டில் ஆராய்ச்சிக் கட்டுரையை வாசித்தார். பெரிய திரையில் என் இறால் நின்றது. நான் முன்வரிசையில் இருந்து பலமாகக் கை தட்டினேன், வெட்கமில்லாமல்.

இப்போது விளங்கியிருக்குமே, போன கிழமை யார் வீட்டுக் குடிபூரல் என்று. றமீஸ் காக்காவின் ஆட்டோவில்தான் போனேன். வழியில் முந்திப்போலச் சென்றி போட்டு ஒருத்தரும் மறிக்கவில்லை, இறக்கி நடக்க விடவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. வாசலில் அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள். குட்டைக் கைச் சட்டை! என் பாழாய்ப்போன கண் அந்தக் கைகளில் புள்ளி தேடியது.

"தேடாதீங்க மிஸ்ஸி, ஒண்டும் இல்ல" என்று சிரித்தாள்.

மாப்பிள்ளை பக்கத்து மனுசி ஒருத்தி, நான் என்ன முறை என்று கேட்டாள். "முகாமில எனக்குக் கடி வந்த நேரம் மருந்து பூசினவ" என்று அக்காவே சொல்லிவிட்டாள். அந்த மனுசி என் கழுத்தில் காய்ந்திருந்த கலமைனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அந்த நாள் போய்விட்டதே என்று பெருமூச்சு விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். போகட்டுமே! சென்றி போயிற்று, கூடாரம் போயிற்று, சொறி போயிற்று, அந்த நீளக் கைச் சட்டையும் போயிற்று. நல்லாய்ப் போகட்டும்.

பால் பொங்கியது. அக்கா வீட்டுத் திறப்புச் சாவியை மகளின் கையில் வைத்தாள். பிறகு தன் பாயையும் தலையணையையும் மாத்திரை டின்னையும் தூக்கிக்கொண்டு, பின்வளவில் இருந்த சின்னக் குடிலுக்கு நடந்தாள். பாதி வழியில் திரும்பி நின்று, வளவு முழுக்கக் கேட்கச் சிரித்துக்கொண்டே கூவினாள்.

"மிஸ்ஸி! இனி எனக்கு ஊடு இல்ல!"