அண்ணனுடைய புது சைக்கிள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். 'இன்னாருடைய பொருள்', 'இன்னார் செய்வதில்லை' என்று வரும்படி ஆங்கில வாக்கியங்கள் எழுதிவரச் சொன்னார் டீச்சர். அண்ணனோ தன் புது சைக்கிளில் என்னை ஏற்றுவதே இல்லை. "மை பிரதர்ஸ் சைக்கிள் இஸ் நியூ. ஹி டஸ் நாட் டேக் மீ" என்று வாசலில் கத்திப் படித்தேன்.

இங்கிலீஷ் தெரியாத அண்ணன் பூரித்துப்போனான். தன் சிநேகிதரை அழைத்துவந்து, "இன்னும் ஜோரா படி பாப்பா" என்றான். அவர் கண்டோன்மென்ட்டில் துரை பங்களாச் சமையல்காரர்.

"ஏம்பா, புது சைக்கிள்ல தங்கச்சிய ஏத்திக்கவே மாட்டியாமே!" என்று சிரித்தார்.

"யாரு சொன்னது? நாளைக்கே ஏத்திக்கினு போறேன்!" என்றான் அண்ணன்.

மறுநாள் கேரியரில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஸ்கூல்ல அத மட்டும் படிச்சிடாத தாயி" என்று வழியெல்லாம் கெஞ்சினான். வகுப்பில் அதைத்தான் முதலில் படித்தேன்.