மலேயா தாத்தாவுக்கு ஒரு இலை

டிரைவராகச் சேர்ந்த முதல் நாள் டிராவல்ஸ் ஓனர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "ஜப்பான்காரன் டூட்டின்னா முன்னாடியே போய் நில்லு. ஏசி போட்டு வை. வண்டிக்குள்ள வாயத் தொறக்காத." முதல் இரண்டையும் கடைசி வரைக்கும் செய்தேன். மூன்றாவதுதான் என்னால் முடியவில்லை.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனிக்கு எங்கள் வண்டிகள் ஓடின. வாரம் முழுக்க ஜப்பான் ஆபீசர்களுக்குப் பிக்கப், டிராப். ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் டிரிப். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும்போது பின்சீட்டில் இருப்பவர் தூங்காவிட்டால் ஒரு கதை சொல்வேன். என் தாத்தா மலேயா எஸ்டேட்டுக்குப் போனார், அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார், வீட்டை மறந்துவிட்டார். கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

நான் கட்டிய கதை இல்லை அது, பிள்ளைகளே. அச்சரப்பாக்கம் பக்கத்தில் நம் தெருவே சொன்னதுதான். யாராவது வீட்டுக்கு லேட்டாக வந்தால், "வந்துட்டாரு மலேயாக்காரரு" என்பார்கள். உங்கள் சித்தப்பாவை நானே அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன், நீங்களும் சிரித்திருக்கிறீர்கள். நைனாவை, அதாவது என் அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, ஓடிப்போன அப்பன் பேர் வேண்டாம் என்று தாய்மாமன் பேரைத்தான் இனிஷியலாகப் போட்டார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் செத்தவர்களுக்குப் படையல் போடும்போது எல்லோருக்கும் இலை உண்டு. அவருக்கு மட்டும் கிடையாது.

மொரி சார் அந்தக் கம்பெனியில் குவாலிட்டி பார்க்க வந்தவர், வயதானவர். அவருக்கும் அரைகுறை இங்கிலீஷ், எனக்கும் அரைகுறை இங்கிலீஷ். அதனால் பேச்சு நன்றாகவே புரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடமும் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தாத்தாவிடமிருந்து கடுதாசி எப்போது நின்றது என்று கேட்டார். ஜப்பான்காரன் மலேயாவுக்கு வந்தபோது நின்றது என்று நைனா சொல்வார், அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

மொரி சாருடைய தாத்தா அந்தச் சண்டையில் ரயில்வே பட்டாளத்தில் இருந்தவராம். சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டுக்குள் ரயில் ரோடு போட்டார்கள். மலேயா எஸ்டேட்டுகளில் இருந்த தமிழ் ஆட்களைக் கொஞ்ச நாள் வேலை, நல்ல கூலி என்று சொல்லி லாரியிலும் ரயிலிலும் ஏற்றிப்போனார்கள். காலரா வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். ஜப்பான் தோற்றதும் கேம்பில் இருந்த பேப்பரையெல்லாம் கொளுத்தினார்கள். ஊருக்குத் தகவல் சொல்ல யாரும் இல்லை. கடைசிக் காலத்தில் அந்தத் தாத்தாவே இதை மொரி சாரிடம் சொன்னாராம்.

பிறகு என் தாத்தாவின் பேரைக் கேட்டார்.

எனக்குத் தெரியாது. சொந்தத் தாத்தாவை வைத்து ஊரையெல்லாம் சிரிக்கவைத்தவனுக்கு அவர் பேர் தெரியாது. தெரியாது என்று சொன்னேன். மொரி சார் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அவர் தாத்தாவை நினைத்து வெட்கம், எனக்கு என்னை நினைத்து. அன்றைக்கு மகாபலிபுரம் போகவில்லை, வண்டியைத் திருப்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்தாளு அங்கதான் செத்தாருன்னு அவனுக்கு எப்டிடா தெரியும்?"

"தெரியாது நைனா. ஆனா ஓடிப்போனாருன்னு மட்டும் நமக்கு எப்டித் தெரியும்?"

நைனா சொன்னார்: "எங்கம்மா சாவுற வரைக்கும் பொட்டு வெச்சிகினு இருந்திச்சி. உசுரோட இருந்தா வந்திருப்பாருடான்னு சொல்லும். நாந்தான் வாய மூடுன்னுவேன்."

சண்டை எப்போது வந்தது என்று நைனாவுக்குத் தெரியும். கடுதாசி எப்போது நின்றது என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏசுவது சுலபமாக இருந்தது.

அந்தப் பொங்கலுக்குப் படையலில் நைனா தானே ஓர் இலையைக் கூடுதலாகப் போட்டார். "எங்கப்பன் பேரு எல்லப்பன்" என்றார். அவர் வாயால் அந்தப் பேரை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். செத்தவருக்கு எது பிடிக்குமோ அதைத்தான் அவர் இலையில் வைக்க வேண்டும். உங்கள் பெரியப்பாவுக்குக் கருவாட்டுக் குழம்பு, அத்தைக்கு வெற்றிலை. உங்கள் அம்மா கரண்டியோடு அந்த இலைக்கு முன்னால் நின்றாள்.

"அவுருக்கு இன்னா புடிக்கும் மாமா?"

நைனா அப்பனை ஒருநாளும் பார்த்தவர் இல்லை. தெரிந்த ஒரே ஆள் அவருடைய அம்மா. அவளைத்தான் பேசவிடாமல் செய்துவிட்டோமே.

"தெரியலியேம்மா" என்றார்.

எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்தாள். இன்றைக்கும் அப்படித்தான் வைக்கிறோம். பிள்ளைகளே, வராத ஆளைப் பற்றி யாராவது சிரிக்கச் சிரிக்கப் பேசினால் நீங்கள் சேர்ந்து சிரிக்காதீர்கள். ஏன் வரவில்லை என்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.