சோளக்காட்டில் தொங்கிய ஆஞ்சியோ சிடி

இந்த முறை என் பயணக் குறிப்பில் அருவியும் கிடையாது, மலையும் கிடையாது. ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல் வரை முப்பத்திரண்டு கிலோமீட்டர், என் நெஞ்சுக்குள் பார்ப்பதற்காக. இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலை வைத்தார்கள். போன மாதம் தக்காளிக் கூடையைத் தூக்கும்போது நெஞ்சில் அதே பழைய இறுக்கம் வந்தது. வைத்த இடம் மறுபடி அடைக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை 6.20 பஸ், டிக்கெட் 35 ரூபாய். துடிப்பு ஏறினால் படம் கலங்கிவிடுமாம், அதனால் காபி கூடாது. காபி இல்லாத காலையில் எனக்கு எல்லோர் மேலும் எரிச்சல் வரும்.

7.25க்கு திண்டுக்கல். ஆட்டோக்கார பாய், "ஏறுங்கண்ணே, செத்த நேரத்துல போயிரலாம்" என்றார். எண்பது ரூபாய்.

"யாருக்குண்ணே ஸ்கேன்?"

"எனக்குத்தான்."

அதோடு பேச்சு நின்றது. பிறகு ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆட்டோ எறும்பாக ஊர்ந்தது. எனக்கு முதல் பயம் அங்கேதான் வந்தது.

ஸ்கேன் மையத்தில் பார்த்தபோது துடிப்பு 84. மாத்திரை கொடுத்து ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து, 62 ஆனதும் உள்ளே அழைத்தார்கள். படுக்க வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆளில்லாத அறையில் ஒரு பெண்குரல், "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்றது. எப்போதோ பேசிப் பதிந்த குரல். ஊசி வழியே மருந்து ஏற, தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு இறங்கியது. "மூச்சை விடுங்கள்" வரவே இல்லை. அவள் என்னை மறந்துவிட்டாளோ என்று நிஜமாகவே நடுங்கினேன். பிறகு வந்தது.

பதினொன்றரைக்கு டாக்டரம்மா திரையைக் காட்டினார். ஸ்டென்ட் வெள்ளையாகப் பளிச்சென்றிருந்தது. உள்ளே ஒரு கருநிழல்.

"கம்பி சின்னது, அதோட பளபளப்புல உள்ள தெளிவாத் தெரியல. வச்ச அன்னைக்கு முழுசா விரிஞ்சிருந்துச்சான்னு பாக்கணும். பழைய ஆஞ்சியோ சிடி இருக்கா?"

வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவி சரசு எடுத்தாள்.

"ஏனுங்க, அந்தத் தட்டா? கிளிக்காகச் சோளக்காட்டுல கட்டிட்டனுங்க. பாத்து முடிஞ்ச படம்தானேன்னு..."

எங்கள் பக்கம் வீணாய்ப்போன சிடியெல்லாம் வெயிலில் மினுக்கிக் கிளியை விரட்டி, கதிருக்குக் காவல் நிற்கும்.

ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்து வாங்கி, ஊர் திரும்பிக் காட்டுக்குப் போகும்போது மாலை மணி 5.45. காற்றே இல்லை. ஆனாலும் குச்சியில் கட்டிய சிடி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெளிச்சத் துண்டு சோளத்தட்டை மேல் ஓடி வந்து, என் சட்டையில், சரியாக இடப்பக்கம், பட்டு மறைந்தது. ஒரு கிளிகூட இல்லை. ஒன்றரை மாதமாக என் இதயம் இங்கே தொங்கிப் பறவைகளை விரட்டியிருக்கிறது.

முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சரசு கேட்டாள், "இதக் கட்டின பின்னாலதானுங்களே உங்களுக்கு வலி வந்துச்சு?"

"கிறுக்குத்தனமாப் பேசாத" என்று அதட்டினேன். எனக்கும் அதே நினைப்பு வந்திருந்தது, அந்தக் கோபம்தான்.

மறுநாள் இருவரும் அதே பஸ்ஸில் போனோம். மூன்று முறை முரண்டு பிடித்த சிடி நாலாவது முறை ஓடியது. இரண்டு வருடத்துக்கு முந்தைய என் இதயம் திரையில் துடித்தது. ஸ்டென்ட் முழுசாக விரிந்து, துளி நிழல் இல்லாமல் இருந்தது. டாக்டரம்மா இரண்டு படத்தையும் அருகருகே வைத்தார்.

"அப்ப நல்லா இருந்திருக்கு. இது புதுசா வந்த அடைப்பாத்தான் தெரியுது."

அடுத்த வியாழன் மதுரையில் குழாய்க்குள்ளேயே கேமரா விட்டுப் பார்த்துச் சரி செய்யப்போகிறார்கள்.

இதே ஸ்கேனுக்குப் போகிறவர்களே, ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த அட்டையையும் பழைய சிடியையும் பீரோவில் பூட்டி வைத்து, போகும்போது கையோடு கொண்டுபோங்கள். காலை முதல் பஸ்ஸில் போங்கள், துணைக்கு ஒருவர் வரட்டும். நான் முதல் நாள் தனியாகப் போனது தப்பு.

இன்று காலை சோளத்தில் கிளிகள் இறங்கிவிட்டன. அந்தக் குச்சியில் சரசு வேறெதையும் கட்டவில்லை. வரப்பில் நின்று பார்க்கிறாள், கை தட்டி விரட்டக்கூட இல்லை.

"தின்னுட்டுப் போகட்டுங்க" என்கிறாள்.