வாய்க்கால் கரையில் நின்றுபோன கோடு

மேட்டூர் அணையைத் தாமதமாகத் திறந்த ஓர் ஆண்டின் ஆடி மாதம் அது. நான் தஞ்சாவூரில் ஒரு நாளிதழுக்குச் செய்தியாளனாக இருந்தேன். கைப்பேசியில் வரைபடம் பார்த்து வண்டி ஓட்டும் பழக்கம் எங்கள் பக்கம் அப்போது வரவில்லை. எனக்குத் தெரிந்து ஜி.பி.எஸ். கருவி வைத்திருந்தவன் என் நண்பன் ஒருவன்தான்.

கல்லூரியில் என்னோடு படித்தவன். முத்துப்பேட்டைப் பக்கம் கடலோரத்தில் அவன் ஊர். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது கடல் தாண்டியிருப்பார். இவன் ஓமனில் சுற்றுலாப் பயணிகளை மணல்மேடுகளில் ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டினான். கோடையில் விடுமுறைக்கு வருவான். வந்தாலும் தார் ரோட்டில் ஓட்ட அவனுக்குப் பிடிக்காது. பழைய ஜீப் ஒன்றை வாங்கி என் வீட்டுக் கொல்லையில் நிறுத்தியிருந்தான். சித்திரை, வைகாசியில் ஆறும் வாய்க்காலும் காய்ந்து கிடக்கும். வாய்க்கால் கரை மேலேயும் சில இடங்களில் வாய்க்காலுக்குள்ளேயும் ஓட்டிக்கொண்டு கோடியக்கரை உப்பளம் வரைக்கும் போவோம்.

இதற்கென்று ஒரு கருவி வாங்க வேண்டும் என்று மஸ்கட்டில் கடைக்குள் நின்றுகொண்டே எனக்குப் போன் செய்தான்.

"மாப்ள, கண்ணாடியில ஒட்டுற பெரிய செட்டு ஒண்ணு இருக்கு. லெப்ட்ல திரும்பு, ரைட்ல திரும்புன்னு அதுவே பேசும். கையில வச்சுக்கிற சின்ன செட்டும் இருக்கு. எதை வாங்க?"

"பேசுற செட்டு நம்ம வாய்க்கால் கரையில என்னத்தடா பேசும்?"

"அதான் நானும் நினைச்சேன். இந்தியா மேப் போட்டுப் பார்த்தேன். மன்னார்குடியைத் தாண்டினா வெள்ளையா இருக்கு. நம்ம ஊரே இல்ல."

மேடுபள்ளம் காட்டும் வரைபடமும் கடையில் இருந்ததாம். மலைநாட்டுக்கு அது சரி. டெல்டாவில் வாய்க்கால் கரையை விட்டால் ஏது மேடு? கடைசியில் சின்னக் கருவியையே வாங்கி வந்தான். வண்டி போகும் பாதையை அது கோடாகப் பதிந்து வைத்துக்கொள்ளும். வெள்ளையாக இருந்த இடத்தை நாங்களே வரைந்து நிரப்பினோம். அடையாளப் புள்ளிகளுக்கு எங்கள் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தோம். 'நல்ல டீ', 'துரத்தும் நாய்', 'ஒத்தப் பனை'. ஓர் இடத்தில் டிராக்டர்கள் கரையைச் சரித்து வாய்க்காலில் இறங்கி மறுகரை ஏறும். அதற்கு 'இறக்கம்' என்று பெயர். அந்த வழியில் போனால் கடைத்தெரு எதிலும் மாட்டாமல் அவன் ஊரின் பின்பக்கம் போய்ச் சேரலாம்.

அந்த ஆடியில் அவன் வந்தது விடுமுறைக்கு அல்ல. முந்தின நாள் சாயங்காலம் அவன் உம்மா இறந்துபோனார். கிடைத்த விமானத்தைப் பிடித்து, கொழும்பு வழியாகக் காலையில் திருச்சி வந்து இறங்கினான். நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கையில் ஒரு பை மட்டும். "போலாம்டா," என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெரியகோயில் கோபுரம் கண்ணில் பட்டபோது அவன் அக்காள் போன் செய்தார். அவன் பேசி முடித்துவிட்டு என்னிடம் சொன்னான்:

"லுஹர் தொழுகை முடிஞ்சதும் எடுத்துருவாங்களாம். ராத்திரியெல்லாம் எனக்காக வச்சிருந்தாச்சு, இதுக்கு மேல வைக்கக் கூடாதுன்னு ஜமாஅத்ல சொல்லிட்டாங்களாம். லாத்தா அழுவுது."

மதியத் தொழுகைக்குள் போய்விடலாம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவனே ஓட்டினான். மணலில் ஓட்டிப் பழகிய கை, ஜீப் சீராகப் போனது. மன்னார்குடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பேருந்துகள் வரிசையாக நின்றன. எட்டிப் பார்த்தேன். ஒரு கடைத்தெருவின் நடுவே டயர்கள், டீக்கடை பெஞ்சுகள், வெட்டிப் போட்ட கருவேலங்கிளைகள், எல்லா நிறத்திலும் கொடிகள். கடைமடைக்குத் தண்ணீர் கேட்டு விவசாயிகள் சாலை மறியல்.

மறியல் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். ஆனால் மறுநாள்தான் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். அதிகாரிகளை முந்திக்கொள்ள ஒரு நாள் முன்னதாகவே உட்கார்ந்துவிட்டார்கள் போலும். கூட்டத்தில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். இறங்கிப் போக ஜீப்பிலிருந்து காலை எடுத்து வைத்தேன். அவன் என் கையைப் பிடித்தான்.

"வேணாம்டா. போனா என்ன ஏதுன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லுவோம்டா."

அவன் டாஷ்போர்டுக்குள் கைவிட்டு அந்தக் கருவியை எடுத்தான். இருக்கையில் அன்றைய நாளிதழ் கிடந்தது. மாவட்டப் பக்கத்தில் நான் எழுதிய செய்தி. 'கடைமடையில் கருகும் நாற்றங்கால்'. கூடவே பாளம் பாளமாக வெடித்த வாய்க்காலின் படம். அதை மடியில் விரித்துப் பார்த்தான்.

"இது எந்த வாய்க்கா?"

"நம்ம இறக்கம் இருக்குல்ல, அதேதான்."

"எப்ப பார்த்தே?"

"நேத்து மத்தியானம். உள்ள இறங்கி நின்னுதான் படம் எடுத்தேன். கால்ல ஈரங்கூட ஒட்டல."

நான் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. அவன் வண்டியைத் திருப்பினான்.

ஓமனில் காய்ந்த ஆற்றுப் பள்ளத்தை வாதி என்பார்கள். மலையில் எங்கோ மழை பெய்தால் வாதியில் வெள்ளம் பாயும், அதனால் மேகத்தைப் பார்க்காமல் அதில் இறங்கவே மாட்டேன் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். அன்றும் வண்டியைத் திருப்பும்போது தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தான். துடைத்து வைத்ததுபோல் இருந்தது. எங்கள் ஊரில் வெள்ளம் வானத்திலிருந்து வருவதில்லை, எங்கோ மதகைத் தூக்கினால் வருகிறது. இது எங்கள் இருவருக்கும் தெரிந்ததுதான்.

கரைமேல் போகும் பாதை கருவியில் இருந்தபடியே இருந்தது. 'ஒத்தப் பனை' வந்தது. 'துரத்தும் நாய்' வந்தது, நாய் இல்லை. திருப்பம் ஒன்றுகூடத் தவறவில்லை. வழியில் அக்காளுக்குப் போன் செய்தான். "குறுக்கு வழியில வர்றேன் லாத்தா. வந்துட்டேன்னு சொல்லு. கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

இறக்கத்தை நெருங்கும்போதே மறுகரையில் ஆட்கள் தெரிந்தார்கள். பிறகு சத்தம் கேட்டது. பிறகுதான் தண்ணீரைப் பார்த்தேன். சருகும் நுரையும் ஒற்றைச் செருப்பும் பிளாஸ்டிக் பாட்டிலும் முன்னால் உருள, செம்மண் நிறத்தில் வாய்க்கால் அகலத்துக்கும் வந்துகொண்டிருந்தது. நேற்று நான் நின்ற இடம் எது என்றே தெரியவில்லை. பெண்கள் சூடம் கொளுத்தி வைத்து, பூவை அள்ளித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுகரையில் ஒருவர் என்னை அடையாளம் கண்டு துண்டைச் சுழற்றினார்.

"சார்! வாங்க சார்! நீங்க பேப்பர்ல போட்டீங்க, விடிஞ்சதுமே மதகைத் தூக்கிட்டான் பாருங்க!"

"சாருக்கு ஒரு மாலையப் போடுங்கப்பா," என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். எழுதியதற்குப் பலன் கிடைத்ததென்று என் முகத்துக்கு நேரே சொன்னது என் தொழிலில் அதுதான் முதல் தடவை.

அவன் ஜீப்பை விட்டு இறங்கித் தண்ணீர் ஓரம் போய் நின்றான். ஜீப் இறங்குமா என்று பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அக்கரையிலிருந்து கத்தினார்கள்.

"இறக்கிடாதீங்க தம்பி! அடியில பூரா சேறு. சக்கரம் உட்கார்ந்தா எழுந்திரிக்காது."

"பாலம் எங்க இருக்கு?"

"நீங்க வந்த வழியே திரும்பி ரோட்டுக்குத்தான் போகணும். அப்படி என்ன தம்பி அவசரம்?"

அவன் தண்ணீரைப் பார்த்தான். பிறகு சொன்னான். காலையிலிருந்து அதை அவன் சொல்லி நான் கேட்கவில்லை.

"உம்மா மவுத்தாயிட்டாங்க. அடக்கம் பண்ணப் போறாங்க."

அக்கரையில் சிரிப்பு நின்றது. பூப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் கையில் மிச்சமிருந்த பூவை அப்படியே மடியில் கட்டிக்கொண்டார். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். ஒருவர் மூங்கிலை நீட்டினார். இன்னொருவர் மொபெட்டைக் கரைமேல் தள்ளிக்கொண்டு வந்து கிளப்பித் தயாராக வைத்தார். நண்பன் கைப்பேசியையும் பாஸ்போர்ட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். நடுவில் தண்ணீர் மார்பு வரை வந்தது. சட்டை பலூன்போல் உப்பியது. அக்கரை ஏறியதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்தான்.

அவர்கள் கண்ணுக்கு மறைவதற்குள் என் கையிலிருந்த அவன் கைப்பேசி அடித்தது. அக்காள்.

"எங்க வந்துட்டே? தூக்கப் போறாங்க. உன்னால ஆம்பளைங்க எல்லாம் வாசல்ல நிக்கிறாங்க."

நான் யார் என்று சொன்னேன். "கரையேறிட்டான்மா. மொபெட்ல வந்துக்கிட்டு இருக்கான். கொஞ்சம் வச்சிருக்கச் சொல்லுங்க."

"எவ்வளவு நேரத்துல வருவான்? அதை மட்டும் சொல்லுங்க. நான் கெஞ்சிப் பாக்குறேன்."

எனக்குத் தெரியவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பாதை எப்படி இருக்கிறது என்று தெரியாது. தெரியாததைச் சொல்லிப் பழக்கமில்லாத வாய். "சீக்கிரம் வந்துருவான்மா," என்றேன். அவர் போனை வைத்தார்.

ஜீப்பை நான் வந்த வழியே ஓட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தேன். மறியல் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தது. இந்த முறை இறங்கிப் போனேன். முன்னால் உட்கார்ந்திருந்த விவசாயிகள் சங்கத்துக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"என்ன சார், அப்பவே உங்க ஜீப்பைப் பார்த்தேன். பேட்டி எடுக்க வருவீங்கன்னு பார்த்தா, திருப்பிக்கிட்டு ஓடுறீங்க."

விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"சாவுக்கா? அட என்ன சார் நீங்க! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? காலையில ஒரு பிரசவ கேசை விட்டோம். மாலையோட போன ஒரு துக்க வண்டியையும் விட்டோம். எத்தனை மறியல் பார்த்திருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். 'அவ்வழியே வந்த ஆம்புலன்சுக்குப் போராட்டக்காரர்கள் வழிவிட்டனர்' என்று எத்தனையோ மறியல் செய்திகளின் கடைசி வரியாக நானே எழுதியிருக்கிறேன். பக்கத்தில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டப்படும் வரி அது.

அவர் திரும்பிக் குரல் கொடுத்தார். டயர்களை இழுத்தார்கள், பெஞ்சைத் தூக்கினார்கள், ஜீப் போகும் அளவுக்கு வழி விழுந்தது. ஒரு பீடி பற்றவைக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று போகும்போது அவர்களிடம் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை.

நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் கபர்ஸ்தானிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். நண்பன் மச்சானின் உலர்ந்த கைலியைக் கட்டிக்கொண்டு, பந்தலின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தான். கொடியில் அவன் சட்டை காய்ந்தது, பாக்கெட்டில் செம்மண் கறையோடு. மண் தள்ள ஆரம்பித்த பிறகுதான் போய்ச் சேர்ந்திருக்கிறான். தள்ளிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தி, ஒதுங்கி நின்று, அவனும் மூன்று கைப்பிடி மண் போட இடம் கொடுத்திருக்கிறார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியாகப் பார்த்தது போன விடுமுறையில்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அவனே கேட்டான்.

"நீ ரோட்டு வழியாவா வந்தே?"

"ஆமா."

"கேட்டதும் விட்டாங்களா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "விட்டாங்கடா," என்றேன்.

அவன் தலையாட்டினான். "நான் வாயத் திறந்து சொன்னா அது நிஜமாயிரும்னு இருந்துச்சு மாப்ள. உம்மாவைப் பார்க்குறவரைக்கும் சொல்ல வேணாம்னு நினைச்சேன்."

அதற்குப் பிறகு அவன் விடுமுறைக்கு வருவது குறைந்தது. ஜீப்பை விற்றுவிட்டான். கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், "நீயே வச்சுக்க" என்றான். என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதை இயக்கினால் அந்த நாளின் கோடு இன்னும் இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, ஒத்தப் பனையைத் தாண்டி, வாய்க்கால் கரைக்கு வந்து நிற்கிறது. பிறகு அதே வழியில் திரும்புகிறது. அது நான் திரும்பி வந்த கோடு. அவன் கடந்துபோன வழி அதில் இல்லை.

இப்போது எல்லோர் கையிலும் வரைபடம் இருக்கிறது. முன்னால் சாலை அடைபட்டிருந்தால் அது உடனே வேறு வழி காட்டுகிறது. நான் அந்த வழியில் திரும்புவதற்கு முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி நடந்து, அடைத்துக்கொண்டு நிற்பவர்களிடம் போய் எதற்காகப் போகிறேன் என்று சொல்கிறேன். பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடும் ஒவ்வொரு முறையும், என் கையைப் பிடித்து "வேணாம்டா" என்று சொன்னவனின் பிடியிலிருந்து அன்று என் கையை விடுவித்துக்கொண்டு போயிருக்கலாமே என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.