சாவிக்காரர்

“ரெண்டு கையும்,” என்றார்.

மனைவி கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளங்கைகள் இரண்டையும் அவர் பக்கம் உயர்த்தினாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் விரல்களை எண்ணினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பத்து ஆனதும் சட்டைப்பையின் பொத்தானைக் கழற்றிச் சாவியை எடுத்து நீட்டினார். அவள் வந்து வாங்கிப் போய் இயந்திரத்தில் செருகினாள். வேலை நாட்களில் நாலைந்து முறை இது நடக்கும்.

இயந்திரம் மரம் அறுப்பது. சக்கரம் வைத்தது, சிறிய லாரியின் பின்னால் கட்டி இழுத்துப் போகலாம். காற்றில் சாய்ந்த மரமோ, கட்டடம் கட்ட வெட்டிய மரமோ, கிடக்கிற இடத்துக்கே போய்ப் பலகையாக அறுத்துக் கொடுத்துவிட்டு வருவார்கள். நீளமான இரும்புச் சட்டத்தில் தடியைக் கிடத்திப் பிடி போட்டு இறுக்கினால், எஞ்சின் வைத்த தலைப்பகுதி அதன்மேல் ஊர்ந்து போகும். தலைப்பகுதிக்குள் இரண்டு பெரிய சக்கரங்கள். அவற்றைச் சுற்றி ஓடுவது பிளேடு, ஒரு விளிம்பில் பல் வைத்த எஃகு நாடா. இரண்டு மணி நேரத்தில் பல் மழுங்கிவிடும். மூடிகளைத் திறந்து வேறு பிளேடு மாட்ட வேண்டும். கை உள்ளே போவது அப்போது மட்டும்தான். அந்த நேரத்தில் சாவி இயந்திரத்தில் இருக்கக் கூடாது, அவரிடம் இருக்க வேண்டும்.

சாவிக்காரர் என்று பெயர் வைத்தவன் மனைவியின் தம்பி. முப்பத்தைந்து வயது. தடி புரட்டுவதும் அறுபட்ட பலகையை இறக்கி அடுக்குவதும் அவன் வேலை. “மாமாவுக்கு என்ன உத்தியோகம்னு கேக்கறாங்க. சாவி வெச்சிருக்கிற உத்தியோகம்னு சொல்லிட்டேன். லீவே கிடையாதுன்னும் சொல்லிட்டேன்,” என்பான். அவர் கோபித்துக்கொள்வதில்லை.

அவருடைய இடது கையில் கட்டைவிரலும் அதற்கடுத்த விரலில் பாதியும் இருக்கின்றன. டீ கிளாஸை அந்த ஒன்றரைக்கு நடுவில் இடுக்கிக்கொள்வார். சூடு தெரியாது என்பார். வலது கை எப்போதும் சும்மா இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. சாவியை எடுக்கிற கை அது.

ஒன்பது வருடத்துக்கு முன்புவரை இயந்திரத்தை ஓட்டியவர் அவர்தான். மூடியில் ஒரு சுவிட்ச் வைத்தே விற்றிருந்தார்கள். எந்த மூடி திறந்திருந்தாலும் எஞ்சின் ஓடாது. மரத்தூள் போய் அடைத்துக்கொண்டு, மூடி சாத்தியிருந்தாலும் பாதித் தடியில் எஞ்சினை நிறுத்தியது அந்தச் சுவிட்ச். ஒரு மத்தியானம் அதைப் பிடுங்கிவிட்டு, ஒயர் இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றினார். அரை நிமிட வேலை. இரண்டு வருடம் தொந்தரவு இல்லை. பிறகு ஒரு நாள் எஞ்சினை நிறுத்தாமலே மூடியைத் திறந்து, சக்கரத்தில் அப்பியிருந்த தூளைத் தட்டிவிடப் போனார். யார் கேட்டாலும் இவ்வளவுதான் சொல்வார்:

“கையுறை உள்ள போச்சு. போகும்போது கையையும் வான்னு கூப்பிட்டுச்சு.”

கட்டுப் பிரிப்பதற்குள் மனைவி ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். கட்டுப் பிரித்த மறுவாரம் அவர் நாற்காலியோடு லாரியில் ஏறினார். புது சுவிட்ச் ஒன்று வாங்கி வந்ததும் அப்போதுதான். அது கருவிப் பெட்டியின் அடியில், உறை பிரிக்காமல் கிடக்கிறது. ஏன் மாட்டவில்லை என்று கேட்டால், “சுவிட்சுக்குத் தூசி ஆகாது. எனக்கு ஆகும். இப்ப அந்த சுவிட்ச் நான்தான்,” என்பார். மைத்துனன் இதே கேள்வியைத் தன் அக்காவிடம் ஒருமுறை கேட்டான். அவள் பலகையில் ஒட்டிய தூளை ஊதிக்கொண்டே, “மாட்டிட்டா அவரு வீட்டுல உக்காந்து சுவத்தப் பாக்கவா?” என்றாள்.

சாவி வைத்திருப்பது தவிர அவர் செய்கிற வேலைகள் வேறு சிலவும் உண்டு. அறுப்பதற்கு முன் தடியின் பட்டையை முழுக்கத் தடவிப் பார்ப்பார். கறுப்பாகக் கசிந்த இடமெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுவார். வீட்டுத் தோட்டத்து மரத்தில் எப்படியும் இரும்பு இருக்கும். கொடிக்கம்பிக் கொக்கி, ஊஞ்சல் வளையம், யாரோ எதற்கோ அடித்த ஆணி. “மனுஷன் அடிச்சிட்டு மறந்துருவான். மரம் முழுங்கிட்டு சும்மா இருக்கும். பிளேடுதான் கண்டுபிடிக்கும்.” கண்டுபிடித்த பிளேடு அறுந்து எந்தப் பக்கம் பாயும் என்று செருப்புக் குதிகாலால் தரையில் ஒரு கோடு கிழிப்பார். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். மரத்துக்குச் சொந்தக்காரராக இருந்தாலும் சரி. “உங்க மரந்தான், யாரு இல்லைன்னா? கால் யாரோடது?”

முகங்கள் அவருக்கு மறந்துபோகும். கைகள் நினைவிருக்கும். யாரையாவது பற்றிப் பேச்சு வந்தால், “மோதிர விரல் நகம் செத்திருக்குமே, அவரா?” என்று கேட்பார். எல்லாச் சட்டையிலும் பைக்கு மூடியும் பொத்தானும் மனைவி தைத்தது. கல்யாண வீடுகளுக்குப் போகிற பட்டுச் சட்டையிலும் உண்டு. அங்கே போகும்போதும் சாவி பையில் இருக்கும்.

பள்ளிக்கூடத்துப் பின்புறம் ஒரு பெரிய மரம் விழுந்திருந்தது. அறுத்துப் பெஞ்சு செய்யப் போவதாகச் சொன்னார்கள். இரண்டாம் நாள் காலை, பத்தரை மணி இருக்கும். பிளேடு மழுங்கியது. மனைவி எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள், அவர் பையில் போட்டுப் பொத்தானிட்டார். அவள் கையுறைகளை மாட்டிக்கொண்டு மூடிகளைத் திறந்தாள். வலது கையில் அவளுடையது. அவளுடைய இடது கையுறை கிழிந்துபோனதால், இடது கையில் அவருடைய மாற்று ஜோடியில் இருந்தது. ஒன்பது வருடமாக அதை மாட்ட ஆள் இல்லாமல் கிடந்தது. அவளுக்குத் தொளதொளவென்றிருந்தது.

பலகையின் கனம் பற்றிக் கேட்கத் தலைமையாசிரியர் ஆள் அனுப்பினார். சாவிக்காரர் எழுந்து, “நான் வந்து கையைப் பாக்கறேன். அதுவரைக்கும் நிழல்ல நில்லு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைமையாசிரியரின் அறையில் அளவுகோலைக் கையில் வைத்து நின்றிருந்தபோது எஞ்சின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவர் இருபது வருடமாகக் கேட்கிறார். பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி உள்ளே இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. வலது கையால் பையைப் பொத்திக்கொண்டு அவர் ஓடியதை அன்று தாழ்வாரத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

அவர் வந்து சேரும்போது எஞ்சின் நின்றுவிட்டிருந்தது. மனைவி இயந்திரத்தை விட்டு இரண்டடி தள்ளி நின்றாள். இடது கையில் கையுறை இல்லை. அது சக்கரத்துக்கும் பிளேடுக்கும் நடுவே நாராகச் சுற்றிக் கிடந்தது. கட்டைவிரலின் அடியிலிருந்து ரத்தம் சொட்டி மரத்தூளில் உருண்டைகளாகிக்கொண்டிருந்தது.

“ரெண்டு கையும்,” என்றார்.

அவள் உயர்த்தினாள். அவர் எண்ணினார். முதலிலிருந்து திரும்பவும் எண்ணினார்.

“பத்தும் இருக்குங்க.”

“நான் எண்ணிக்கிறேன்.”

நடந்தது இதுதான். அவள் பிளேடை மாட்டி, மூடி இரண்டில் ஒன்றைச் சாத்திவிட்டு, மற்றதற்குள் கைவிட்டுப் பிளேடு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மைத்துனன் எஞ்சினுக்கு அந்தப் பக்கம் இருந்தான். மூடி சாத்திய சத்தம் கேட்டது. முடிந்தது என்று நினைத்தான். அவனிடம் இன்னொரு சாவி இருந்தது. வேகக் கைப்பிடி முன் அறுப்பில் விட்ட இடத்திலேயே இருந்ததால், எஞ்சின் பிடித்ததும் பிளேடு ஓடியது. கையுறை தொளதொளவென்று இருந்ததால் தனியாகப் போயிற்று. கை பின்னால் வந்துவிட்டது.

“மாமா, மூடுன சத்தம் கேட்டுச்சு, அதான் நான்…”

அவர் வலது கையை நீட்டினார். மைத்துனன் அந்தச் சாவியை அதில் வைத்தான். அவர் தன்னுடையதை எடுத்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். பல்லுக்குப் பல் சரியாக இருந்தது.

“எப்ப போட்டது?”

“எட்டு மாசம் இருக்கும். நீங்க ஒரு நாள் வயித்து வலின்னு உள்ள போய் அரை மணி நேரம் வரல…”

“எட்டு மாசம்.”

“மெஷின் தலைய நகத்தறப்ப மட்டுந்தான் மாமா. பிளேடு மாத்தறப்ப இன்னைக்குத்தான்.”

“நான்தாங்க உங்ககிட்ட சொல்ல வேணாம்னேன்,” என்றாள் மனைவி. பள்ளிக்கூடத்து ஆயா கொண்டுவந்த பஞ்சைக் கையில் அழுத்திப் பிடித்திருந்தாள்.

“அப்ப எட்டு மாசமா நான் சும்மா உக்காந்திருக்கேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க.”

“வேற எப்படிச் சொல்றது?”

ஐந்து தையல் போட்டார்கள். லாரியில் வீட்டுக்குத் திரும்பினார்கள். பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அவர் பையில் இரண்டு சாவியும் உரசிக்கொண்டன.

மறுநாள் எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். அவர் நாற்காலியை இறக்கவில்லை. கருவிப் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் கிடந்த சுவிட்சை எடுத்து, உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தார். பழைய டேப் கல் மாதிரி இறுகியிருந்தது. கத்தியால் கீறி உரித்தார். உள்ளே அவர் முறுக்கிய முறுக்கு அப்படியே இருந்தது.

“நான் பிரிக்கட்டுமா மாமா?”

“டார்ச்சப் பிடி.”

ஒன்றரை விரலும் வலது கையுமாகப் பிரித்து, சுவிட்சை இணைத்து, தூள் போகாமல் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை அதன்மேல் இழுத்துக் கட்டினார். முக்கால் மணி நேரம் ஆனது. மூடியைத் திறந்துவைத்து ஆறு முறை சாவியைத் திருகினார். எஞ்சின் பேசவில்லை. மூடியைச் சாத்தித் திருகினார். ஓடியது.

மனைவிக்கு இடது கையில் கட்டு. பிளேடு மாற்றும் வேலை மைத்துனனுக்கு வந்தது. முதல் பிளேடு மழுங்கியதும் அவர் இரண்டு சாவியையும் கொண்டுபோய் அவன் சட்டைப்பையில் போட்டார்.

“உங்ககிட்டயே இருக்கட்டுமே மாமா.”

“கை உள்ள விடறவன்கிட்டதான் சாவி இருக்கணும். இத நான் அன்னைக்கே யோசிச்சிருக்கணும்.” அவன் பையைத் தொட்டுப் பார்த்தார். “பொத்தான் இல்ல. அக்காகிட்ட குடுத்து ஒண்ணு தெச்சுக்க, மாப்ள.”

பிறகுதான் நாற்காலியை இறக்கி, கோட்டுக்கு இந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

மைத்துனன் பிளேடை மாட்டினான். மூடிகள் இரண்டையும் சாத்தினான். கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒருவரும் கேட்காமலே, உள்ளங்கைகளை நாற்காலியின் பக்கம் உயர்த்தினான். பக்கத்தில் நின்றிருந்த அவளும் உயர்த்தினாள். கட்டுக்கு வெளியே ஐந்து விரல்களும் தெரிந்தன.

அவர் இருபது வரை எண்ணினார்.